டாகா புதுப்பித்தல்: முதல்முறை தனியாகச் செய்பவர்களுக்கு

சின்ன வயதில் அமெரிக்கா வந்து, சட்டபூர்வ நிலை இல்லாமல் இங்கேயே வளர்ந்தவர்களுக்கான அரசுத் திட்டம்தான் டாகா. அதை வாங்கியபோது நம்மில் பலர் பள்ளி மாணவர்கள். படிவத்தை அம்மா அப்பாவோ ஒரு வக்கீலோ பார்த்துக்கொண்டார்கள், நாம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம். இப்போது வேலை, வாடகை, கார் லோன் எல்லாம் நம் தலையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலும் நம் தலையில்தான். என்னுடையதையும் என் தம்பியுடையதையும் நானே செய்து வருகிறேன். ஆரம்பத்தில் எதை நம்புவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பட்ட பாடு போதும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தத் தவிப்பு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கேஸ், கைது, வெளிநாட்டுப் பயணம் என்று உங்கள் கதையில் ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடித்த கையோடு ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாத சாதாரணப் புதுப்பித்தல் என்றால் நீங்களே செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டாகா கிரீன் கார்டும் இல்லை, விசாவும் இல்லை. உங்களை நாடு கடத்தும் நடவடிக்கையை இரண்டு வருடத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், அந்தக் காலத்துக்கு வேலை செய்ய அனுமதி தருகிறார்கள். அவ்வளவுதான். அதனால் இதில் எல்லாமே தேதியைப் பொறுத்தது.

1. உங்களுடையது புதுப்பித்தலா, முதல் விண்ணப்பமா?

டாகா இதுவரை கிடைக்காதவர் முதல்முறையாக விண்ணப்பித்தால், யூஎஸ்சிஐஎஸ் (குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்க அரசு அலுவலகம்) படிவத்தை வாங்கிக்கொள்ளும், பணத்தையும் எடுத்துக்கொள்ளும், ரசீதும் அனுப்பும். ஆனால் முடிவு சொல்லாது. டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் 2021 ஜூலை 16 அன்று போட்ட உத்தரவுக்குப் பிறகு முதல் விண்ணப்பங்கள் இப்படியே தேங்கிக் கிடக்கின்றன. அன்றைக்கு முன்பே டாகா வாங்கியவர்கள் மட்டும் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இதைத் தெரிந்துகொண்டே சிலர் காசு பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் 'டாகா மறுபடி திறந்துவிட்டது, உடனே போட்டால் கிடைத்துவிடும்' என்று சொல்லி ஒரு கன்சல்டன்ட் பெரிய தொகை வாங்கினார். அந்தப் பையனுக்குக் கிடைத்தது ஒரு ரசீது மட்டும்தான். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், யூஎஸ்சிஐஎஸ் இணையதளத்தின் டாகா பக்கத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

டாகா இருந்து காலாவதி ஆகிவிட்டதா? ஒரு வருடத்துக்குள் என்றால் இன்னும் புதுப்பித்தலாகவே போடலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அது முதல் விண்ணப்பமாகக் கணக்காகிவிடும், போய் அதே தேக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அரசாங்கமே உங்கள் டாகாவை ரத்து செய்திருந்தாலும் இதே நிலைதான். காலாவதியாகிப் பதினொரு மாதம் ஓடிவிட்டது என்று இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், இன்றைக்கே உட்காருங்கள்.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் கேள்வி எச்-4 பிள்ளைகளைப் பற்றியது. சின்ன வயதில் எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குத் தருவது) வந்து, இங்கேயே படித்து, 21 வயதில் அந்த நிலையை இழக்கிற பிள்ளைகள் நிறைய. 'டாகா போடலாமே' என்று உறவினர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். போட முடியாது. டாகாவின் விதிப்படி 1981 ஜூன் 16 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும், 16 வயது ஆவதற்குள் இங்கே வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். இவற்றோடு, 2012 ஜூன் 15 அன்று சட்டபூர்வ நிலை எதுவும் இருந்திருக்கக் கூடாது. அன்றைக்கு எச்-4 செல்லுபடியாக இருந்த பிள்ளை அதற்குப் பிறகு அதை இழந்தாலும் டாகாவுக்குள் வராது. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 21 முடிவதற்கு முன்பே போய்ப் பார்ப்பது நல்லது.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025 ஜனவரி 17 அன்று ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நாடு கடத்தலைத் தள்ளிவைக்கும் பகுதியையும் வேலை அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. பாதிப்பை டெக்சஸ் மாநிலத்தோடு நிறுத்துகிறது. அதனால் டெக்சஸில் வேலை அனுமதிப் பகுதிக்கு என்ன ஆகும் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே குடிபோக நினைப்பவர்களும் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு வீடு பாருங்கள்.

2. தேதியைக் குறித்துவையுங்கள்

உங்கள் ஒர்க் பெர்மிட் கார்டையும், டாகா ஒப்புதல் கடிதத்தையும் எடுத்து முன்னால் வையுங்கள். இரண்டிலும் முடியும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கி 150 நாளும் 120 நாளும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தேதிக்கும் இடையில் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும் என்பது யூஎஸ்சிஐஎஸ்ஸின் பரிந்துரை.

உதாரணத்துக்கு, கார்டு 2026 நவம்பர் 30 அன்று முடிகிறது என்றால், ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 2 வரை உங்கள் காலம். ஜூலை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். ஆகஸ்ட் வரை இழுக்காதீர்கள்.

இதில் பலருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. புதிய இரண்டு வருடம், பழைய கார்டு முடியும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஒப்புதல் கிடைக்கும் நாளிலிருந்து தொடங்குகிறது. செப்டம்பரில் ஒப்புதல் வந்தால் பழைய கார்டில் மிச்சமிருந்த இரண்டு மூன்று மாதம் போய்விடும். இதை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் வேண்டுமென்றே தாமதமாக அனுப்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒருவருக்குச் சில வாரத்தில் முடிவு வரும், இன்னொருவருக்கு ஐந்து மாதம் தாண்டியும் வராது. யாருக்கு எப்படி என்று யாரும் சொல்ல முடியாது.

தாமதமானால் என்ன ஆகும்? வேறு சில வகை ஒர்க் பெர்மிட்டுகளுக்கு, புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் பழையது தானாக நீளும் சலுகை இருந்தது. டாகாவின் சி33 வகைக்கு அந்தச் சலுகை எப்போதுமே இருந்ததில்லை. கையில் ரசீது இருந்தாலும், கார்டு முடிந்த மறுநாள் நீங்கள் வேலை செய்யக் கூடாது. முதலாளி உங்களை வைத்திருக்கவும் கூடாது. பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்சும் அதே தேதியில் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், டாகா இல்லாமல் போகும் ஒவ்வொரு நாளும், 18 வயது தாண்டியவர்களுக்குச் சட்டவிரோதமாகத் தங்கிய நாள் கணக்கில் சேருகிறது. அந்தக் கணக்கு 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டை விட்டுப் போனால் மூன்று வருடமும், ஒரு வருடத்தைத் தொட்ட பிறகு போனால் பத்து வருடமும் திரும்பி வரத் தடை விழும். நாளைக்கே ஒரு கிரீன் கார்டு வாய்ப்பு கதவைத் தட்டினாலும் இந்தக் கணக்கு குறுக்கே நிற்கும்.

3. கோப்பைச் சேருங்கள்

புதுப்பித்தலுக்குக் கட்டுக்கட்டாகத் தாள் தேவையில்லை. முதல்முறை கொடுத்த பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ரசீது எதையும் மறுபடி அனுப்ப வேண்டாம். வேண்டியவை இவைதான்: டாகா கேட்கும் ஐ-821டி படிவம், ஒர்க் பெர்மிட் கேட்கும் ஐ-765 படிவம், ஐ-765டபிள்யூஎஸ் என்ற ஒர்க்‌ஷீட், இப்போதைய ஒர்க் பெர்மிட்டின் இரண்டு பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். கடைசி ஒப்புதலுக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் அதற்கான ஆவணம், கைதோ கேஸோ இருந்தால் கோர்ட்டுத் தாள்கள், அட்வான்ஸ் பரோலில் (வெளிநாடு போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி) போய் வந்திருந்தால் அதன் நகல்.

அனுப்ப வேண்டாம் என்றேனே தவிர, தூக்கிப்போடச் சொல்லவில்லை. 2007-இலிருந்து நீங்கள் இங்கே இருந்ததற்கான எல்லாத் தாளையும் ஒரு பெட்டியில் வைத்திருங்கள். பழைய பாஸ்போர்ட், வந்து இறங்கியபோது முத்திரை குத்திய பக்கம், ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, ரிப்போர்ட் கார்டு, டாக்டரிடம் போன ரசீது, பழைய ஒப்புதல் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். யூஎஸ்சிஐஎஸ் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் ஆதாரம் கேட்கலாம். கேட்டுக் கடிதம் வந்த பிறகு பழைய பள்ளிக்குப் போன் போட்டு 2009 வருகைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

தமிழில் இருக்கும் ஆவணம் எதையாவது கொடுக்க வேண்டி வந்தால், உதாரணமாகப் பிறப்புச் சான்றிதழ், கூடவே முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. இதற்காக ஒரு பக்கத்துக்கு நூறு டாலர் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த குடும்ப நண்பர் ஒருவர் செய்து தரலாம்.

4. பெயர்

இது நமக்கென்றே உள்ள தலைவலி, அதனால் தனியாகச் சொல்கிறேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், அல்லது அப்பா பெயர் பின்னால். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று போட்டு, முழுப் பெயரையும் கடைசிப் பெயரில் தள்ளியிருப்பார்கள். பள்ளியில் சேர்த்தபோது அம்மா ஒருவிதமாக எழுதிக் கொடுத்திருப்பார். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இன்னொரு விதம். இனிஷியல் சில இடத்தில் எழுத்தாக, சில இடத்தில் அப்பாவின் முழுப் பெயராக. 'கீதா'வில் ஒரு 'எச்' உண்டா இல்லையா என்பதுகூட ஆவணத்துக்கு ஆவணம் மாறும்.

விதி எளிது: இப்போதைய ஒர்க் பெர்மிட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, விண்ணப்பத்தில் எழுதுங்கள். வேறு எங்கெல்லாம் வேறு விதமாகப் பெயர் இருக்கிறதோ, அவை எல்லாவற்றையும் 'பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எழுதுங்கள். எஃப்என்யூ வடிவத்தையும் விடாதீர்கள். பெயரை இந்தச் சாக்கில் திருத்திவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் உங்கள் கவுன்ட்டி நீதிமன்றத்தில் பெயர்மாற்ற உத்தரவு வாங்கிக்கொண்டு, அதன் நகலோடு விண்ணப்பியுங்கள்.

பெயரோடு சேர்த்துத் தேதியையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுத் தாள்களில் நாள் முன்னால், மாதம் பின்னால். இங்கே மாதம் முன்னால். ஜூலை 3-ஐ 03/07 என்று எழுதினால் அது மார்ச் 7. அம்மா எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து நிரப்பும்போதுதான் இது நடக்கும்.

5. போலீஸ், கோர்ட்டு விஷயம் எதுவானாலும் நிறுத்துங்கள்

சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கைது, கைவிலங்கு, விரல்ரேகை, நீதிபதி முன் நின்றது என்று எது நடந்திருந்தாலும் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு முதலில் வக்கீலிடம் போங்கள்.

ஃபெலனி (பெருங்குற்றம்) தண்டனை ஒன்று இருந்தாலே டாகா போய்விடும். மூன்று சிறு குற்றத் தண்டனைகள் சேர்ந்தாலும் போய்விடும். 'குறிப்பிடத்தக்க சிறு குற்றம்' என்று ஒரு வகை இருக்கிறது. அதில் ஒன்றே போதும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது அந்த வகையில் வருகிறது. குடும்ப வன்முறை, குற்றம் செய்யக் கட்டடத்துக்குள் புகுதல், சட்டவிரோதத் துப்பாக்கி, போதைப்பொருள் விற்பனை எல்லாம் அதில் உண்டு. கஞ்சா உங்கள் மாநிலத்தில் கடையில் கிடைக்கலாம். குடிவரவு என்பது ஃபெடரல் விஷயம், மாநிலச் சட்டம் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

'கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது, அதனால் எழுத வேண்டியதில்லை' என்று நினைப்பது பெரிய பொறி. விரல்ரேகை வைத்துப் பார்க்கும்போது கைது எப்படியும் தெரியவரும். தள்ளுபடியானதற்குக் கோர்ட்டு முத்திரை போட்ட தாள் வாங்கி வைத்திருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மறைத்ததாகத் தெரிந்தால் பேச்சே வேறு.

6. படிவத்தை நிரப்புதல்

ஆன்லைனா, காகிதமா? முடிந்தால் ஆன்லைன். ஐம்பது டாலர் குறைவு, ரசீது உடனே வரும், பழைய பதிப்புப் படிவத்தை அனுப்பித் திரும்பி வரும் தொல்லையும் இல்லை. யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் திறங்கள். கணக்கின் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். கல்லூரி முடிந்ததும் மூடிவிடும் மாணவர் மின்னஞ்சல் வேண்டாம், உதவி செய்பவரின் மின்னஞ்சலும் வேண்டாம்.

காகிதத்தில் அனுப்புகிறவர்கள் படிவத்தை அன்றைக்கே தளத்திலிருந்து இறக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும், அது தளத்தில் சொல்லியிருப்பதோடு பொருந்த வேண்டும். பக்கங்கள் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கையெழுத்துப் பேனாவில் போட வேண்டும், தட்டச்சு செய்த பெயர் செல்லாது. அனுப்ப வேண்டிய முகவரி நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்து மாறும், அதையும் அன்றைக்கே பாருங்கள். போன தடவை அனுப்பிய முகவரியை நம்ப வேண்டாம்.

ஐ-821டி-யில் புதுப்பித்தல் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முகவரிப் பட்டியலில், கடைசியாக ஒப்புதல் கிடைத்த விண்ணப்பத்தை அனுப்பியதிலிருந்து இன்றுவரை இருந்த வீடுகள் போதும். இடைவெளி விடாமல் எழுதுங்கள். கோடையில் இரண்டு மாதம் அக்கா வீட்டில் தங்கியிருந்தால் அதுவும் சேரும்.

ஐ-765-இல் தகுதி வகை கேட்கும் இடத்தில் சி33 வகையை எழுதுங்கள். அந்த எண் உங்கள் பழைய கார்டிலேயே இருக்கிறது. ஏலியன் எண்ணையும் (குடிவரவுத் துறை உங்களுக்குத் தந்த அடையாள எண்) கார்டைப் பார்த்தே எழுதுங்கள்.

ஐ-765டபிள்யூஎஸ் ஒரே பக்கம். வருட வருமானம், வருடச் செலவு, சொத்து மதிப்பு. உங்களுக்கு வேலை தேவை என்று காட்டுவதற்காக இது. சம்பள ரசீது எதுவும் இணைக்க வேண்டிய கட்டாயமில்லை. உண்மையான தொகையை எழுதுங்கள். சொத்தே இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமித்துவையுங்கள். இரண்டு வருடம் கழித்து, போன தடவை என்ன எழுதினோம் என்று பார்க்க இது வேண்டும். இரண்டு விண்ணப்பங்களில் இரண்டு விதமான பதில் இருப்பது நல்லதல்ல.

7. பணம்

2024 ஏப்ரல் 1 முதல் இருக்கும் கட்டணம் இது. ஐ-821டி-க்கு 85 டாலர். ஐ-765-க்கு ஆன்லைனில் 470, காகிதத்தில் 520. ஆக மொத்தம் ஆன்லைனில் 555 டாலர், காகிதத்தில் 605 டாலர். அனுப்பும் நாளில் தளத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் குறைந்தாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். மறுத்துவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது.

மற்ற பல படிவங்களுக்கு இருப்பதுபோல ஏழ்மையைக் காட்டிக் கட்டணத் தள்ளுபடி கேட்கும் வசதி டாகாவுக்கு இல்லை. மிகக் கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் வாங்கி, காகிதத்தில்தான் அனுப்ப வேண்டும். அதனால் கார்டு கையில் கிடைத்த மாதத்திலிருந்தே மாதம் 30 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த முறைக்குக் கட்டணம் தயாராக இருக்கும். கடன் வாங்கிக் கட்டும் நிலைமை வந்தால், அதிக வட்டிக் கிரெடிட் கார்டுக்கு முன்னால் உங்கள் ஊர் கிரெடிட் யூனியனையும் கல்லூரி நிதி உதவி அலுவலகத்தையும் கேளுங்கள். சில இடங்களில் டாகா கட்டணத்துக்கென்றே உதவி இருக்கிறது.

காகிதத்தில் அனுப்புகிறவர்களுக்கு முக்கியமான மாற்றம் ஒன்று. 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு செக்கும் மணி ஆர்டரும் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. கிரெடிட், டெபிட் கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்க ஜி-1650 படிவம். ஐ-821டி-க்கும் ஐ-765-க்கும் தனித்தனியாக ஒன்று வையுங்கள். கார்டு மறுக்கப்பட்டால் இன்னொரு முறை முயற்சி செய்ய மாட்டார்கள். லிமிட் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

8. அனுப்பிய பிறகு

ஐ-797சி என்ற ரசீது வரும். அதில் மூன்று எழுத்தும் பத்து எண்ணும் சேர்ந்த ஒரு ரசீது எண் இருக்கும். இரண்டு படிவத்துக்கும் தனித்தனி எண். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பயோமெட்ரிக்ஸ் கடிதம். விரல்ரேகை, புகைப்படம், கையெழுத்து எடுப்பார்கள். கடிதத்தின் அசலையும் படம் போட்ட அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். உள்ளே அதிக நேரம் ஆகாது. சிலருக்குப் பழைய விரல்ரேகையே போதும் என்று கடிதம் வரும், அப்போது போக வேண்டாம். அந்தத் தேதியில் முடியாது என்றால் அதற்கு முன்பே ஆன்லைன் கணக்கில் வேறு தேதி கேளுங்கள். சொல்லாமல் போகாமல் இருந்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு மறுத்துவிடலாம்.

தபால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் நாலு பேரோடு ஓர் அபார்ட்மென்ட்டில் இருப்போம், பெட்டியில் லீஸ் எடுத்தவர் பெயர் மட்டும் இருக்கும். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் ஒர்க் பெர்மிட்டைத் திருப்பி அனுப்பிவிடக் கூடும். ஒரு தாளில் கார்டில் உள்ளபடி உங்கள் பெயரை எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டுங்கள். யூஎஸ்பிஎஸ் என்ற அமெரிக்கத் தபால் துறையின் இன்ஃபார்ம்ட் டெலிவரியில் பதிந்துகொள்ளுங்கள், இலவசம். அன்றைக்கு என்ன தபால் வருகிறது என்று காலையிலேயே படம் அனுப்பிவிடும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் யூஎஸ்சிஐஎஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். தபால் நிலையத்தில் மட்டும் முகவரி மாற்றினால் போதாது.

105 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால், நிலவரம் கேட்டு யூஎஸ்சிஐஎஸ்ஸிடம் விசாரணை போடலாம். மேலே சொன்ன உதாரணத்தில் ஜூலை 6 அன்று அனுப்பியிருந்தால் அக்டோபர் 19-க்குப் பிறகு. கார்டு முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்னும்போது உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஓட்டுரிமை இல்லாதவர் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம், தொகுதியில் வசிக்கிற யாரும் கேட்கலாம். ஒரு தனியுரிமைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் யூஎஸ்சிஐஎஸ்ஸிடம் கேட்பார்கள். வேலை போகும் நிலைமை என்றால் விரைவாகப் பார்க்கச் சொல்லியும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலாளியின் கடிதம் இருந்தால் பலம். மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சில நிறுவனங்கள் சம்பளமில்லா விடுப்பில் வைத்திருந்து, கார்டு வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

9. இரண்டு விஷயம் கனவிலும் வேண்டாம்

முதலாவது, அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போவது. பாட்டி சாகக் கிடக்கிறார் என்று போன் வரும்போது புத்தி வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். அட்வான்ஸ் பரோல் இல்லாமல் விமானம் ஏறினால் டாகா அத்தோடு முடிந்தது. ஐ-131 படிவம் போட்டு, மனிதாபிமானம், படிப்பு, வேலை ஆகிய மூன்றில் ஒரு காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவது கணக்கில் வராது. உயிர் போகும் அவசரம் என்றால் உள்ளூர் யூஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தில் அவசரச் சந்திப்பு கேட்கலாம், மருத்துவமனைக் கடிதம் வேண்டும். அனுமதி கையில் இருந்தாலும் திரும்பி வரும்போது உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரியின் முடிவு. அதனால் கிளம்பும் முன் வக்கீலிடம் பேசாமல் டிக்கெட் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை நல்ல நாளிலேயே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் வற்புறுத்த மாட்டார்கள்.

இரண்டாவது, குடிமகன் என்று எங்கேயும் சொல்வது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது திரையில் வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' அழுத்திவிடாதீர்கள். வேலைக்குச் சேரும்போது ஐ-9 படிவத்தில் நான்கு கட்டம் இருக்கும். உங்களுடையது 'வேலை செய்ய அனுமதி உள்ள வெளிநாட்டவர்' என்பது. குடிமகன் என்ற கட்டத்தில் குறி போட்டால், பிற்காலத்தில் குடிமகனைத் திருமணம் செய்தால்கூடக் கிரீன் கார்டு கிடைக்காமல் போகலாம்.

10. யாரிடம் உதவி கேட்பது

வக்கீல் அல்லது அமெரிக்க அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகாரம் தந்த பிரதிநிதி. இந்த இரண்டு பேர்தான் உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லலாம். வக்கீல் என்றால் மாநில பார் அமைப்பின் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை நீதித்துறையே தன் தளத்தில் வைத்திருக்கிறது. வரிக்கணக்குப் போடுகிறவர், டிக்கெட் போடுகிறவர், எச்-1பி தாள் தட்டச்சு செய்கிறவர், நோட்டரி முத்திரை வைத்திருப்பவர் இவர்களில் யாரும் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். கோவிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் எல்லாருக்கும் தெரிந்த மனிதர் என்பது தகுதி இல்லை.

கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் தராதவரிடம் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சார்பில் விண்ணப்பத்தைக் கவனிக்கிற வக்கீல் ஜி-28 என்ற படிவத்தைத் தன் பெயரில் போடுவார். அதைப் போட மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே இலவச உதவி இருக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர்களுக்கான இலவசக் குடிவரவுச் சட்ட சேவை இருக்கிறது. ஒருமுறையாவது போய், டாகா தவிர வேறு வழி ஏதும் திறந்திருக்கிறதா என்று முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். குற்றத்துக்கு ஆளானவர்கள், குடிமகனைத் திருமணம் செய்தவர்கள், சிறுவயதில் பெற்றோரால் கைவிடப்பட்டவர்கள் இவர்களில் சிலருக்கு நிரந்தர வழியே இருந்தும் தெரியாமல் இரண்டிரண்டு வருடமாக டாகாவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

11. கார்டு வந்ததும்

பெயர், பிறந்த தேதி, வகை, முடியும் தேதி நான்கையும் அன்றைக்கே சரிபாருங்கள். தவறு அவர்களுடையது என்றால் புதிய கட்டணம் இல்லாமலே திருத்தித் தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் காட்டி ஐ-9 பதிவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், பழைய கார்டு முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும். அடுத்து டிஎம்வி (டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநில அலுவலகம்) போய் லைசென்ஸ் தேதியை நீட்டிக்கொள்ளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் மாறாது, அங்கே போக வேண்டியதில்லை. அப்புறம் போன் காலண்டரைத் திறந்து, புதிய முடிவுத் தேதிக்கு 160 நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் அதே தேதியைப் போடச் சொல்லுங்கள்.